சீனி சேராதது

அடிவாரம், பழனி
2-2-1957

அன்புத் தம்பி சேனாதிபதிக்கு,

அக்கா சண்முகவள்ளி எழுதுவது. மலையான் புண்ணியத்தில் இங்கே பெரிய குறை ஒன்றும் இல்லை. அந்தக் குளிரில் நீயும் அழகம்மாளும் என்ன செய்கிறீர்களோ என்று நினைக்காத நாளும் இல்லை. நீ கார்டு போட்டால் நாலு வரியில் முடித்துவிடுகிறாய். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் என்றால் கடிதத்தையும் மருந்துச் சீட்டு மாதிரித்தான் எழுத வேண்டுமா?

தைப்பூசக் கூட்டம் ஒருவழியாக இறங்கிவிட்டது. இந்த வருஷம் காவடி அதிகம். பஞ்சாமிர்தம் பிசைந்து பிசைந்து உன் அத்தானுக்கும் ஆட்களுக்கும் கை ஓய்ந்துவிட்டது. ஒவ்வொரு அண்டாவுக்கும் பதம் பார்க்கிற சோலி எப்போதும்போல என்னுடையதுதான். "வள்ளி நாக்குல வச்சு சரின்னு சொல்லாம ஒரு டின்னு வெளிய போகக் கூடாது" என்று உன் அத்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான்.

உடம்புதான் முன்னைப்போல இல்லை. தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். செம்பு செம்பாகக் குடிக்கிறேன். குடித்ததெல்லாம் எங்கே போகிறது என்று உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. கொல்லைக் கதவை நான் திறந்து மூடுகிற சத்தத்தில் தமயந்திக்குத் தூக்கமே இல்லையாம். கதவுக்கு எண்ணெய் போடச் சொல்லிக் கேலி செய்கிறாள். சாப்பிட்டு உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. மார்கழியில் அரிவாள்மணையில் கீறிய விரல் இன்னும் ஆறவில்லை. உஷ்ணம் என்கிறார் வைத்தியர்.

கழுத்தைச் சுற்றிக் கறுத்துக்கொண்டே வருகிறது. தாலிச்சரடு உரசுகிற இடம் என்று இருந்துவிட்டேன். போன வாரம் நாத்தனார் சுந்தராம்பாள் வந்திருந்தாள். நீ கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அவளேதான். நாலு பேர் நடுவில், "மதினிக்குக் கழுத்து தேச்சுக் குளிக்க நேரமில்ல போல" என்றாள். பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

உன் அத்தானுக்குக் கோபம் தணியவில்லை. ஆறு வருஷம் ஆகிறது. தன் தங்கையை வேண்டாம் என்றுவிட்டுப் பூம்பாறையில் பெண் எடுத்தவன் என் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சொன்னவர், கடிதம் போடக் கூடாது என்று சொல்லவில்லை. அதுவரைக்கும் நல்லது.

உன் அக்கா,
சண்முகவள்ளி


கொடைக்கானல்
14-2-1957

என்னை வளர்த்த அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை சிரித்துக்கொண்டு படித்தேன். இரண்டாம் தடவை சிரிக்க முடியவில்லை.

அக்கா, நம் அம்மாவுக்கு என்ன வியாதி என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை. முள் குத்திய புண் ஆறாமல் குப்பம்மாள் போய்ச் சேர்ந்தாள் என்றுதான் ஊரில் சொன்னார்கள். அந்தப் புண்ணுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே அம்மா குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது. உங்களுக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

எங்கள் டாக்டரம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. தாய்க்கு இருந்ததா, இடுப்புச் சதை கூடுதலா, அளவுக்கு மீறின எடையில் பிள்ளை பெற்றிருக்கிறாரா என்று மூன்றே கேள்வி கேட்டார். மூன்றுக்கும் ஆமாம் என்று சொன்னேன். தமயந்திக்குப் பிறகு பிறந்த பையன் பத்து ராத்தல் இருந்ததையும், ஒரு பகல்கூடத் தங்காமல் போனதையும் சொன்னேன். கண்ணேறு இல்லை, தாயின் உடம்பில் இந்த வியாதி ஒளிந்திருந்தால் பிள்ளை அப்படிப் பெருத்துப் பிறக்கும் என்றார்.

கழுத்தைத் தேய்க்காதீர்கள் அக்கா. அது அழுக்கு இல்லை. உள்ளே நடப்பது தோலில் தெரிகிறது. இங்கே பள்ளிக்கூடச் சமையல்காரர் ஒருவருக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு தாகம், அசதி, ஆறாத கீறல் எல்லாம் வரிசையாக வந்தன. அவர் நல்லவேளை சீக்கிரம் வந்துவிட்டார், பிழைத்துக்கொண்டார்.

ஒரு தம்பி கேட்கிற கேள்வி இல்லைதான், இருந்தாலும் கேட்கிறேன். கொல்லையில் நீங்கள் போகிற இடத்தில் எறும்பு மொய்க்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள். அதைவிட நல்லது, வத்தலக்குண்டு வழியாகப் பஸ் ஏறி ஒரு நடை மேலே வாருங்கள். ஒரு குப்பி சிறுநீரில் நீல மருந்தை விட்டு விளக்கில் காட்டினால் போதும், நிறம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடலாம். நானே பார்ப்பேன். அழகம்மாள் உங்களுக்கு வெந்நீர் போட்டு வைத்துக் காத்திருப்பாள்.

தம்பி,
சேனாதிபதி


அடிவாரம், பழனி
1-3-1957

அன்புத் தம்பிக்கு,

எறும்பு மொய்க்கிறதா என்று கேட்டிருக்கிறாய். பஞ்சாமிர்தம் பிசைகிற வீட்டில் எறும்பு மொய்க்காத இடம் எது என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வாசலில், சுவரில், அண்டா விளிம்பில், தமயந்தியின் பாடப்புஸ்தகத்தில், எங்கும் எறும்புதான். கொல்லையில் மட்டும் அதற்கு என்ன தனிச் சேதி இருக்கப் போகிறது? இதைப் படித்து நீ சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். நான் சிரிக்கவில்லை.

என் பிள்ளையை ஏன் இதில் இழுத்தாய்? பதினோரு வருஷம் ஆகிறது. ஆறு மாசப் பிள்ளைபோல இருந்தான் என்று தெருவே வந்து பார்த்தது. முருகனே குழந்தையாக வந்திருக்கிறான் என்றார்கள். அவன் போனதைக் கண்ணேறு என்று நினைத்து நான் யார் யாரையோ மனசுக்குள் திட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது என் உடம்புதான் அவனைக் கொன்றது என்று எழுதுகிறாய். இரண்டு நாள் சமையல்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். உன் அத்தானிடம் காரணம் சொல்லவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ சொன்னது பொய்யாக இருக்காது என்று தெரிந்துதான் அழுதேன்.

மேலே வரட்டுமா என்று உன் அத்தானிடம் கேட்டேன். "அவன் வீட்டுக்குப் போறவ அங்கயே இருந்துக்க வேண்டியதுதான்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இங்கே இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் ஒரு குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க எனக்கு உடம்பு கூசுகிறது. இங்கிருந்தே நான் என்ன செய்யலாம் என்று சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன். அம்மா மாதிரிப் போக எனக்கு இஷ்டம் இல்லை. தமயந்திக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது.

அக்கா,
சண்முகவள்ளி


கொடைக்கானல்
12-3-1957

அன்புள்ள அக்காவுக்கு,

பையனைப் பற்றி அப்படி எழுதியிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் தினமும் இதைப் பேசிப் பேசி, எதை எப்படிச் சொல்வது என்பது மறந்துபோகிறது. மன்னித்துவிடுங்கள்.

இது சீனி வியாதி. இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். நீரில் சீனி, ரத்தத்தில் சீனி என்றுதான் பேச்சு. ஆரம்பத்திலேயே வாயைக் கட்டினால் ஊசியும் மருந்தும் இல்லாமலே நிறுத்தி வைக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. நீண்ட பட்டியல் எழுதி உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சீனியைத் தொடாதீர்கள். காப்பியில், பலகாரத்தில், கல்யாண விருந்தில், எதிலும் சீனி சேரக் கூடாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் வேகமாக நடங்கள். கிரிவீதியைச் சுற்றி வந்தால் நடையும் ஆயிற்று, சாமியும் கும்பிட்டாயிற்று.

இதை மட்டும் ஆறு மாதம் விடாமல் செய்து பாருங்கள். செய்வேன் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி,
சேனாதிபதி


அடிவாரம், பழனி
9-8-1957

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்ட ஒரு வரி: செய்கிறேன்.

ஐந்து மாதமாக ஒரு துளி சீனி என் வாயில் படவில்லை. உண்மையைச் சொன்னால் இதில் பெரிய தவம் ஒன்றும் இல்லை. நம் வீட்டில் சீனி எங்கே இருக்கிறது? விருந்தாளிகள் காப்பிக்கு என்று ஒரு டப்பாவில் கொஞ்சம் இருந்தது. அதையும் எடுத்துப் பக்கத்து வீட்டு முருகம்மாளிடம் கொடுத்துவிட்டேன். ஆனியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். லட்டில் சீனிப்பாகு என்று தெரிந்து இலையோடு மூடிவிட்டு எழுந்தேன். பெண் வீட்டார் முகம் கறுத்தது. கறுக்கட்டும் என்று வந்துவிட்டேன். நீ பார்த்திருந்தால் உன் அக்காவை மெச்சியிருப்பாய்.

ஒரு வேடிக்கை கேள். அடிவாரத்தில் சில புதுக் கடைகளில் விலை மலிவுக்காக வெள்ளைச் சீனியைக் கலக்கிறார்களாம். உன் அத்தானுக்கு வந்த ஆத்திரத்தில், போன மாதம் நம் கடைக்குப் புதுப் பலகை எழுதி மாட்டிவிட்டார். "சீனி சேராத அசல் பஞ்சாமிர்தம்" என்று ஒரு முழ உயர எழுத்து. நான் பார்த்துவிட்டு, தம்பி எழுதியதை நீங்கள் ஒளிந்து படித்தீர்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் உன் பேரைச் சொன்னதற்குக் கோபமும் படவில்லை.

உடம்பு நன்றாக இளைத்துவிட்டது. ரவிக்கை எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது. கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டாய் என்கிறாள் முருகம்மாள். தாகம் மட்டும் போகவில்லை. அது வெயிலுக்கு இருக்கும். சாயங்காலம் தமயந்தியைக் கூட்டிக்கொண்டு கிரிவீதி சுற்றுகிறேன். நீ என் கூடவே நடக்கிற மாதிரி இருக்கிறது.

அக்கா,
சண்முகவள்ளி


கொடைக்கானல்
25-8-1957

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அழகம்மாளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். லட்டை மூடிவிட்டு எழுந்த இடத்தில் அவள் கைதட்டினாள். அத்தானின் பலகையை நினைத்து நானும் வாய்விட்டுச் சிரித்தேன். இந்த ஆஸ்பத்திரியில் படித்தவர்கள்கூட வாயைக் கட்ட முடியாமல் திண்டாடுகிறார்கள். என் அக்கா கட்டிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

டாக்டரம்மாவிடமும் சொன்னேன். இளைத்ததைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. சாப்பிட்டும் இளைக்கிறாரா, தாகம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். "நீ நேரில் பார்த்தாயா" என்றார். இல்லை என்றேன். போய் அவர் இலையில் என்ன விழுகிறது என்று ஒரு வேளை உட்கார்ந்து பார்த்துவிட்டு வா, லீவு தருகிறேன் என்றார்.

எனக்கும் வர ஆசைதான். நான் திருடிவிட்டு ஓடியவன் இல்லை அக்கா. பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். அத்தான் வாயால் ஒரு வார்த்தை கூப்பிடட்டும், மறு பஸ்ஸில் வருகிறேன். கூப்பிடாத வீட்டு வாசலில் நிற்க எனக்கு மனம் இல்லை. நீங்கள் விரதத்தை விடாதீர்கள். அது உங்களைக் காப்பாற்றும்.

அழகம்மாள் ஊரிலிருந்து வந்த மலைப்பூண்டு ஒரு பை, தெரிந்த லாரிக்காரர் மூலம் அனுப்பியிருக்கிறேன்.

தம்பி,
சேனாதிபதி


அடிவாரம், பழனி
21-5-1958

அன்புத் தம்பிக்கு,

எட்டு மாதமாக எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. கண் கலங்கலாகத் தெரிகிறது. வரி கோணலாகப் போவதைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். ஊசியில் நூல் கோக்கத் தமயந்தியைக் கூப்பிடுகிறேன். நாற்பது வயது ஆகப் போகிறதே, இதெல்லாம் வரும்தான். சீனி விரதம் மட்டும் இன்றைக்கு வரைக்கும் கலையவில்லை.

இப்போது சொல்லப் போவதைக் கேட்டு நீ சந்தோஷப்பட வேண்டும். அக்னி நட்சத்திரம் பிறந்ததிலிருந்து கடம்பம்பூ வைத்துக்கொண்டு ஊரே கிரிவீதி சுற்றுகிறது. எல்லோரும் வெள்ளனேயும் சாயங்காலமும் சுற்றுவார்கள். நான் இந்த வருஷம் உச்சி வெயிலில் வெறுங்காலோடு சுற்றுவதாக வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் என்ன என்று கேட்காதே. சரி, சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் வாயால் உன்னைக் கூப்பிட வேண்டும் என்றுதான்.

பதினோரு நாள் சுற்றினேன். தார் உருகுகிறது, ஜனங்கள் நிழல் நிழலாகத் தாவுகிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை தம்பி. குளிர்ந்த தரையில் நடக்கிற மாதிரி இருந்தது. மெத்தையில் கால் வைக்கிற மாதிரி. "அக்காவுக்கு முருகன் பாதத்தைக் காட்டிட்டான்" என்று கூட வந்த முருகம்மாள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்குப் புல்லரித்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தமயந்தி பார்த்தாள். இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். வலது காலில் ஒன்று உடைந்து நீர் வடிகிறது. வலியே இல்லை. மஞ்சள் அரைத்துப் போட்டிருக்கிறேன். வாடை மட்டும் கொஞ்சம் வருகிறது.

அக்கா,
சண்முகவள்ளி


கொடைக்கானல்
26-5-1958

அக்காவுக்கு,

காலைத் தரையில் வைக்காதீர்கள். கொப்புளத்தை ஒருவரும் தொட வேண்டாம். அது அருள் இல்லை. காலில் உணர்ச்சி செத்துக்கொண்டிருக்கிறது.

அத்தான் கூப்பிட வேண்டாம். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நான் வாசலில் நிற்பேன். படியில் நிறுத்தினால் படியில் நின்றுகொண்டு கத்துவேன்.

சேனாதிபதி


கொடைக்கானல்
7-9-1958

அன்புள்ள அக்காவுக்கு,

மதுரையிலிருந்து உங்களை வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு நான் மலையேறி ஒரு மாதம் ஆகிறது. ஊசி தவறாமல் போட்டுக்கொள்வதாகத் தமயந்தி எழுதியிருந்தாள். கட்டைக்கால் வேண்டாம் என்று பிடிவாதம் செய்கிறீர்களாம். அதைப் பற்றி வேறு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு எழுதுவது வேறு. நேரில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். முடியவில்லை.

வைகாசியில் நான் வந்து நின்றபோது அத்தான் நகர்ந்து வழிவிட்டார். நீங்கள் கட்டிலில் கிடந்தீர்கள். உள்ளே வரும்போதே எனக்கு வாடை தெரிந்துவிட்டது, காலைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. நீங்களோ ஏழு வருஷம் கழித்து வந்த தம்பி பசியோடு இருப்பான் என்று தமயந்தியை விரட்டினீர்கள். அவள் இலைத்துண்டில் பஞ்சாமிர்தம் கொண்டுவந்தாள். "சாப்புடுப்பா. ஒரு பொட்டு சீனி கெடயாது இதுல. அதனாலதான் நானும் தைரியமா ரெண்டு வேளையும் சாப்புடுறேன்" என்றீர்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நம் வீட்டில் சீனி என்றால் கடையில் விற்கிற வெள்ளைச் சீனி. நாட்டுச்சர்க்கரை வேறு, தேன் வேறு, மலைவாழைப்பழம் வேறு, கற்கண்டு வேறு. நானும் அந்த வீட்டில் பிறந்தவன்தான். பத்து வருஷம் ஆஸ்பத்திரியில் சீனி சீனி என்று எல்லா இனிப்பையும் ஒரே பெயரால் சொல்லிப் பழகி, அதே பெயரை உங்களுக்கு எழுதினேன். நீங்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு பங்கம் வராமல் காப்பாற்றினீர்கள். பலகையைப் பற்றி எழுதினீர்கள். நான் சிரித்தேன். என் கண் முன்னால் இருந்தது அக்கா. படித்துவிட்டுச் சிரித்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. முதலில் நான் முழுப் பட்டியல்தான் எழுதினேன். சர்க்கரை, தேன், வாழைப்பழம், பேரீச்சை, சோறு இவ்வளவு என்று எல்லாம் எழுதிவிட்டுப் பார்த்தேன். பஞ்சாமிர்தத்தில் என்னென்ன சேருமோ அதையெல்லாம் விஷம் என்று எழுதிய மாதிரி இருந்தது. அத்தான் பார்த்தால், தங்கையை வேண்டாம் என்றவன் இப்போது பிழைப்பையும் பிரசாதத்தையும் பழிக்கிறான் என்பாரே என்று பயந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒருவருக்கும் வலிக்காத ஒரு சொல்லை எழுதி அனுப்பினேன். இலையில் என்ன விழுகிறது என்று பார்த்து வரச் சொன்னார்கள். கூப்பிட்டால்தான் போவேன் என்று வீம்பு பிடித்தேன்.

மதுரையில் கால் எடுத்த பிறகு அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். தமயந்தி அதை உரக்கப் படித்தாள். சர்க்கரை, வெல்லம், தேன், பழம் என்று அவள் படிக்கப் படிக்க நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். பிறகு தண்ணீர் கேட்டீர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம்.

அம்மா போன பிறகு எனக்குச் சோறு ஊட்டியது நீங்கள். உங்கள் காலை நான்தான் வெட்டினேன். இதற்கு நீங்கள் என்ன பதில் எழுதினாலும் சரி.

சேனாதிபதி


அடிவாரம், பழனி
2-11-1958

அன்புத் தம்பி சேனாதிபதிக்கு,

அக்கா சொல்லத் தமயந்தி எழுதுகிறாள். கண் இப்போது சுத்தமாகத் தெரியவில்லை. உன் கடிதத்தை அவள்தான் படித்தாள். பதில் சொல்ல இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம் இல்லை, காய்ச்சல்.

ஏலே, நீ உன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டாய். நீ ஒரு சொல் எழுதி நான் கெட்டுப்போனேனா? சீனி என்று நீ எழுதியபோதே அதில் சர்க்கரையும் தேனும் சேர்த்திதான் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சின்னப் பிள்ளையா? எனக்குத்தான் வாயைக் கட்டத் தெரியவில்லை. விடிந்து எழுந்தால் அண்டாப் பதம் பார்க்காமல் நாக்கு கேட்காது. தம்பி சீனி என்றுதானே எழுதினான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு தின்றேன். உன் எழுத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். தப்பு என்னுடையது. இனி இதைப் பற்றி நீ எழுதவும் கூடாது, நினைக்கவும் கூடாது.

மதுரையில் உன்னைத் திரும்பிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். மாட்டிக்கொண்டோமே என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

உன் அத்தான் இப்போதெல்லாம் உன்னைப் பற்றிப் பேசுகிறார். அழகம்மாளைக் கூட்டிக்கொண்டு பொங்கலுக்கு வரச் சொல்லு என்று அவரே சொன்னார். தமயந்தி கல்யாணத்தில் தாய்மாமன் முறை எல்லாம் நீதான் செய்ய வேண்டும். சுந்தராம்பாள் முறைத்தால் முறைக்கட்டும். அழகம்மாளை நான் இன்னும் பார்க்கவில்லை. வந்தால் கையைப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் நீரையும் மாதம் ஒரு தடவை விளக்கில் காட்டிப் பார். நீயும் அதே அம்மா பெற்ற பிள்ளைதான்.

அக்கா,
சண்முகவள்ளி


24-11-1958

மாமா,

தமயந்தி எழுதுகிறேன். மேலே இருப்பது அம்மா சொல்லி நான் எழுதியது. மறுநாள் தபாலில் சேர்க்கலாம் என்று வைத்திருந்தேன். அன்று மத்தியானமே அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. தந்தி கிடைத்து நீங்களும் அத்தையும் வந்தபோது இது என்னிடம்தான் இருந்தது. காரியம் முடிகிறவரைக்கும் கொடுக்கத் தைரியம் வரவில்லை. நீங்கள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, கொடுக்காமலே இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

அம்மா சொன்னதை எழுத மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். ஏனென்றால் அது பொய். "எழுதுடி. நான் போயிருவேன். அவன் இன்னும் நாப்பது வருஷம் இருக்கணும். இதத் தூக்கிக்கிட்டு அவனால இருக்க ஏலாது" என்றார்கள். எழுதினேன். இதைச் சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியமும் செய்தேன். இப்போது அதை மீறுகிறேன்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது மாமா. போன வருஷத் தீபாவளிக்கு முருகம்மாள் அத்தை கொடுத்த மைசூர்பாகை என் கையில் கொடுத்துவிட்டு, விரலில் ஒட்டிய தூளைக்கூட வாயில் வைக்காமல் கழுவினார்கள். சீனியைத் தொடாதீர்கள் என்று நீங்கள் எழுதிய கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். சீனி போட்டுக் காப்பி கொடுக்கிற வீட்டில் டம்ளரைக்கூடத் தொட மாட்டார்கள். மதுரையில் அந்தத் தாளைப் படித்த பிறகு, நீங்கள் வெளியே போயிருந்தபோது, "இதெல்லாம் அவன் எழுதலையே, நான் கவனிக்காம விட்டுட்டேனா, எடுத்துப் படிச்சுச் சொல்லு" என்று என்னிடம் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, சரி, மடித்து வை என்றார்கள்.

உங்களுக்கு இது வலிக்கும். பேசாமல் இருந்திருந்தால் நீங்கள் நிம்மதியாக இருந்திருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அம்மா அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் வாயைக் கட்டத் தெரியாமல் தின்று செத்துப்போனவள் என்று ஒருவர்கூட அம்மாவை நினைக்கக் கூடாது. நீங்கள் நினைக்கவே கூடாது. கடைசி வரைக்கும் அம்மா உங்கள் பேச்சைத் தட்டவே இல்லை மாமா.

தமயந்தி